துருவுக்கு இடம் வைத்த இரும்பு

தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய்வரும் லாரிகளுக்குத் துரு வெளியிலிருந்து வரும். கடல்காற்றும் சிந்திய உப்பும் சேஸிஸைத் தின்றுவிடும். மேற்கே குருவிகுளத்துக் கரிசலுக்கு வந்துவிட்டால் கதையே வேறு. காற்று வறண்டது. வருடக்கணக்கில் வெயிலில் நின்ற டிராக்டருக்குப் பெயிண்ட் வெளுத்திருக்குமே தவிர, தகடு கெட்டியாகவே இருக்கும். காரைக்குடியில் 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாட்டில் எந்த ஊர்க் காற்று இரும்பை எவ்வளவு அரிக்கும் என்று வரைபடமே போட்டிருக்கிறது. ஆனால் கரிசல்காட்டு டிராக்டருக்குத் துரு காற்றில் வருவதைவிட சைலன்சருக்குள்ளும் ரேடியேட்டர் தண்ணீரிலும்தான் அதிகம் வருகிறது. அந்த இரண்டு இடத்திலும் எந்த உலோகத்தை எங்கே வைப்பது என்று பழைய ஆட்கள் யோசித்திருக்கிறார்கள் பாருங்கள், அதில்தான் எனக்கு மோகம்.

சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே கம்பெனியின் பழைய மாஸி பெர்குசன் டிராக்டர் ஒன்றின் பானெட்டைத் தூக்குங்கள். எஞ்சினை விட்டு வரும் புகை முதலில் நுழைவது வார்ப்பிரும்பு மானிஃபோல்டில். ஆறியபிறகு தொட்டால் செம்பழுப்புத் தூள் கேழ்வரகு மாவு போல விரலில் ஒட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. வேலை நேரத்தில் அங்கே இருக்கிற சூட்டுக்குத் தண்ணீர் தங்காது, சுவரும் தடிமன். மேலே கொஞ்சம் துரு போனாலும் போகட்டும் என்று முதலிலேயே இரும்பைக் கூட்டி வார்த்திருக்கிறார்கள்.

அதைவிட நுணுக்கமானது நட். பழைய எஞ்சின்கள் பலவற்றில் மானிஃபோல்டைப் பிடிக்கும் ஸ்டட் இரும்பு, நட் மட்டும் பித்தளை. இரண்டும் இரும்பாக இருந்தால் சூட்டிலும் துருவிலும் ஒன்றோடொன்று இறுகிவிடும். ஸ்பானர் போட்டால் ஸ்டட் முறிந்து ஹெட்டுக்குள் நின்றுவிடும். பித்தளை நட் வருடங்கள் கழித்தும் கழன்று வரும். பின்னால் ஒருநாள் இதைக் கழற்றப்போகிறவனை நினைத்துச் செய்த வேலை அது. அந்த நட் தொலைந்தால் கையில் கிடைத்த இரும்பு நட்டைப் போட்டு முறுக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு பொறுப்பதில்லை.

சைலன்சர் வெறும் மெல்லிய தகடு, அதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. நாள் முழுக்க உழவு ஓட்டினால் சைலன்சர் காய்ந்து ஆவியை வெளியே தள்ளிவிடும். தெருவுக்குத் தெரு தண்ணீர் டேங்கர் இழுத்து நிற்கும் வண்டியில் அது சூடேறுவதற்குள் எஞ்சின் அணைந்துவிடும். ஆவி உள்ளேயே குளிர்ந்து கந்தகப் புகையோடு சேர்ந்து அமிலமாகும். நன்றாக உழைக்கிற டிராக்டரின் சைலன்சர்தான் அதிக நாள் வரும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 டீசல் வந்தபிறகு கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைந்துவிட்டது. பிஎஸ்-3 காலத்தில் அது 350. தண்ணீர் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. மழைக்காலத்தில் நிமிர்ந்து நிற்கும் குழாய் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைக்கிறாரே சம்சாரி, அதைவிடச் சரியான காப்பு கிடையாது. புல்லட் பைக்கின் பழைய குரோம் சைலன்சர் கண்ணுக்கு அழகுதான்; ஆனால் குரோம் வெளியே, தண்ணீர் உள்ளே. இப்போதைய வண்டிகளுக்கு வரும் 409 ரக ஸ்டெயின்லெஸ்ஸில் 11 சதவீத அளவுக்குக் குரோமியம் தகட்டோடு கலந்தே இருக்கிறது. மேலே லேசாகப் பழுப்பேறும், எளிதில் ஓட்டை விழாது.

ரேடியேட்டரில்தான் கைவேலை. செம்புச் சிறகு, பித்தளைக் குழாய், பித்தளைத் தொட்டி, எல்லாவற்றையும் இணைப்பது ஈயப்பற்று. போர் தண்ணீரை அப்படியே ஊற்றி ஓட்டிய ரேடியேட்டரைப் பட்டறையில் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மேல் தொட்டியைச் சூடுகாட்டி எடுத்தால் தட்டைக் குழாய்களின் வாயில் வெள்ளை உப்பும், எஞ்சின் பிளாக்கிலிருந்து வந்த செந்துருவும் அடைத்துக் கிடக்கும். பட்டறைக்காரர் மெல்லிய பட்டைக் கம்பியை விட்டு ஒவ்வொரு குழாயாகக் குத்தி எடுப்பார். துத்தநாகத் துண்டு போட்டு அடக்கிய திராவகத்தைத் தடவி, பக்கத்து இணைப்பு இளகாமல் இருக்க அதன்மேல் ஈரத்துணி சுற்றி, ஈயத்தை ஓடவிடுவார். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். பித்தளை உருக 900-க்கு மேல் வேண்டும். இந்த இடைவெளிதான் அவருடைய கைக்குக் கிடைத்த சுதந்திரம். கடைசியில் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் காற்றடித்து, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்.

புது ரேடியேட்டர்களில் வரும் அலுமினியம் எடை குறைவு, விலையும் குறைவு. செம்பு அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும் என்றாலும், அகலக் குழாய் வைத்து அலுமினியக்காரர்கள் அதை ஈடுகட்டிவிட்டார்கள். கூலன்ட் கலந்து நல்ல தண்ணீர் ஊற்றினால் அதுவும் உழைக்கும். உவர்த் தண்ணீரை ஊற்றினால் ஊசி முனையளவு குழி விழுந்து ஒழுகும். பிளாஸ்டிக் தொட்டியை மடித்துப் பிடித்த அந்த ரேடியேட்டரை ஈயம் வைத்துச் சரிசெய்யவும் முடியாது.

ஆகவே பழைய டிராக்டரை வாங்குகிறவர்கள் பெயிண்டைப் பார்க்க வேண்டாம். எஞ்சின் ஆறியபிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள், மானிஃபோல்டு நட்டில் ஸ்பானரை வைத்துப் பாருங்கள். ஒழுகும் பித்தளை ரேடியேட்டரை எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது மாட்டச் சொன்னால், கோவில்பட்டியிலோ சங்கரன்கோவிலிலோ ஈயம் வைக்கத் தெரிந்த ஒருவரிடம் முதலில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.