பிளக் இல்லாத மிஷினை அணைப்பது எப்படி?

போன மார்கழியில் ஒருநாள் அக்கா வீட்டுக் கதவுக்குக் கொண்டி மாற்றிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தேன். கால் வைக்கும் இடத்தில் துணிப்பை. அதற்குள் பேட்டரி டிரில், நுனியில் 6 மி.மீ. பிட், கூடவே சுத்தியல், திருப்புளி. வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும் பைக்குள்ளிருந்து ஓர் உறுமல். சுத்தியலின் கைப்பிடி டிரிக்கரை அழுத்திவிட்டிருந்தது. வண்டியை ஓரங்கட்டுவதற்குள் பிட் துணியைச் சுருட்டிக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. என் கெண்டைக்காலுக்கும் அதற்கும் நான்கு விரற்கடை தூரம்தான்.

ஒயர் உள்ள டிரில்லில் இப்படி நடக்க வழியே இல்லை. வேலை முடிந்தால் பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுற்றி வைப்போம். அதோடு மிஷின் செத்த இரும்பு. பேட்டரி மிஷினோ எடுத்துப் போகும் இடமெல்லாம் உயிரோடுதான் வருகிறது. வாங்கும்போது கடையில் டார்க், வேகம், வோல்ட் எல்லாம் விளக்கினார்கள். இதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

நான் பதினான்கு மாதமாகப் பயன்படுத்துவது 18 வோல்ட் இம்பாக்ட் டிரில் ஒன்று, 2 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு, ஒரு சார்ஜர், பிறகு அதே பேட்டரியில் ஓடும் நாலு அங்குல கிரைண்டர் ஒன்று. வீடு தூத்துக்குடியில், உப்புக்காற்று படும் தெருவில். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இங்கே சொல்வதில் பெரும்பாலானவை இந்த வகை மிஷின் எதற்கும் பொருந்தும்.

முதலில் டிரில். செங்கல் சுவரில் இது சுகமான வேலைக்காரன். 6 மி.மீ. பிட்டால் இரண்டு அங்குலத் துளை போட கால் நிமிடம்கூட ஆவதில்லை. பூச்சின் சாம்பல் தூள் முதலில் கொட்டும், பிறகு செங்கல்லின் சிவப்புத் தூள். சிவப்பைக் கண்டுவிட்டால் பிளக்கைத் தட்டி ஸ்க்ரூவை முடுக்க வேண்டியதுதான். ஜன்னலுக்கு மேலே கர்ட்டன் ராடு மாட்டப் போனபோதுதான் மிஷினின் எல்லை தெரிந்தது. அங்கே இருப்பது லிண்டல், அதாவது கான்கிரீட். சாம்பல் தூள் நிறம் மாறவே இல்லை. ஏணியில் நின்றபடி உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினேன். மூன்றாவது துளையில் டிரில் சட்டென்று நின்றது. பேட்டரியைத் தொட்டால் கொதிநீர்ப் பாத்திரத்தின் சூடு. உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் தானாகத் துண்டித்திருந்தது. கால் மணி நேரம் ஆறவிட்டதும் மறுபடி ஓடியது.

காரணம் எளிது. இம்பாக்ட் டிரில்லுக்குள் பல் வெட்டிய இரண்டு தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்குகின்றன, அதுதான் ‘தட்டு’. தட்டின் வலு நம் கை அழுத்தத்திலிருந்து வர வேண்டும். ரோட்டரி ஹேமரில் பிஸ்டன் ஒன்று காற்றை அமுக்கிச் சுத்தியல்போல அடிக்கிறது. கை சும்மா பிடித்துக்கொண்டால் போதும். உங்கள் வீட்டு வேலை பெரும்பாலும் கான்கிரீட்டில் என்றால் இந்த டிரில்லை வாங்க வேண்டாம், ஹேமர் வாங்குங்கள். செங்கல், மரம், பிளைவுட், தகரம் என்றால் இதுவே போதும்.

பேட்டரி டிரில்லுக்காக நான் யாரோடும் வாதாடத் தயாராக இருப்பது வேறொரு காரணத்துக்காக. சுவருக்குள் ஒயர் ஓடுகிறது. சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளை போடக் கூடாது என்று தெரியும். ஆனால் பழைய வீட்டில் எலக்ட்ரீஷியன் எந்தப் பக்கம் வளைத்துக் கொண்டுபோனார் என்று யார் கண்டது? ஒயர் டிரில்லில் வேலை செய்ய வேண்டுமானால் கரண்ட் இருந்தாக வேண்டும். பேட்டரி டிரில்லோடு போனால் மெயினை அணைத்துவிட்டே சுவரில் கை வைக்கலாம். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் சேர்த்து அணைக்க வேண்டும், பலர் மறப்பது அதைத்தான். பிட் ஒயரைத் தொட்டாலும் ஒயர்தான் போகும், ஆள் போகமாட்டார். ஒயர் இல்லாததால் கிடைக்கும் மிகப் பெரிய லாபமாக நான் நினைப்பது இதைத்தான். மின்விசிறியை அணைத்தால் புழுங்குகிறது என்று இதை விட்டுவிடாதீர்கள்.

இனி வோல்ட் கணக்கு. இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். லித்தியம்-அயான் செல் ஒன்றின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. ஐந்து செல்லை வரிசையாகக் கோத்தால் ஒரு கணக்கில் 18, இன்னொரு கணக்கில் 21. ஒரே மாதிரி பேட்டரியை ஐரோப்பாவில் 18 வோல்ட் என்றும் அமெரிக்காவில் ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்றும் விற்பது இதனால்தான். இதுவரை பரவாயில்லை. பெயர் தெரியாத கிட்டுகளில் 48விஎஃப், 88விஎஃப் என்று அச்சடித்திருப்பதைத்தான் நம்பக் கூடாது. நண்பர் வீட்டில் இருந்த அப்படி ஒரு ‘48’ஐ முழு சார்ஜில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். காட்டியது 20.6. அதே ஐந்து செல்தான்.

பார்க்க வேண்டியது வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கிய வாட்-மணி. என் பேட்டரி 18 × 2 = 36. டிரில்லுக்கு இது தாராளம். ஒரு சார்ஜில் அலமாரி முழுக்க முடுக்கலாம். கிரைண்டரோ இரும்பு வெட்டும்போது 600 வாட் அளவில் இழுத்தால் 36 வாட்-மணி நான்கு நிமிடம்கூட வராது. கேட்டில் துருப்பிடித்த ஒரு கம்பியை அறுத்து முடிப்பதற்குள் பேட்டரியின் சார்ஜ் விளக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. கிரைண்டருக்கு 4 ஆம்பியர்-மணிக்குக் குறைந்து வாங்காதீர்கள். அதில் பெரும்பாலும் பத்து செல் இருக்கும், பாரம் இரண்டாகப் பிரியும், சூடும் குறையும். விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: தனி பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், 100 வாட்-மணிக்குள் இருந்தால் சிக்கலில்லை.

பேட்டரியை ‘முழுசா இறக்கிட்டுத்தான் ஏத்தணும்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது நிக்கல்-காட்மியம் காலத்து அறிவுரை. பிளாக் அண்ட் டெக்கர் 1961இல் கொண்டுவந்த முதல் பேட்டரி டிரில்லிலிருந்து பல பத்தாண்டுகள் அந்தப் பேட்டரிதான் ஓடியது. லித்தியம் பெரிய மிஷின்களுக்கு வந்தது 2005ஐ ஒட்டித்தான். லித்தியத்துக்கு அடிவரை இறக்குவதுதான் கேடு. மிஷின் திணற ஆரம்பித்தாலே கழற்றிவிடுகிறேன். பல நாள் எடுத்துவைப்பதானால் நான்கு விளக்கில் இரண்டு எரியும் நிலையில் வைக்கிறேன்.

அதைவிடப் பெரிய எதிரி சூடு. லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடித் தகரக் கொட்டகையும் வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் சீட்டுக்கடியும் அதைத் தாண்டிவிடும். என் சார்ஜரில் சூடான பேட்டரியைச் செருகினால் சிவப்பு விளக்கு சிமிட்டும், ஆறும்வரை ஏற்றாது. உள்ளூரில் மலிவாகக் கிடைத்த மாற்றுச் சார்ஜர் ஒன்றை ஒரு வாரம் வைத்திருந்தேன். அது சூட்டைப் பார்க்கவே இல்லை, கொதிக்கும் பேட்டரியிலும் ஏற்றிக்கொண்டே போனது. தூக்கிப் போட்டுவிட்டேன். சார்ஜ் போடும் இடம் என் வீட்டில் சமையலறைக் கருங்கல் மேடை. பக்கத்தில் துணி, காகிதம், கேஸ் அடுப்பு எதுவும் இல்லை. நாங்கள் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும்தான். மெத்தை மேல் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. உப்பிய பேட்டரி, ஏணியிலிருந்து விழுந்து ஓடு விரிந்த பேட்டரி, மழைநீர் புகுந்த பேட்டரி இவற்றை மறுபடி சார்ஜில் போடவே கூடாது. பழைய இரும்புக்கடைக்கும் கொடுக்காதீர்கள், அங்கே சுத்தியலால் உடைப்பார்கள். முனைகளில் டேப் ஒட்டி, விற்ற நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது.

கிரைண்டர் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தெருமுனை மரப்பட்டறை ஆசாரியிடம் அதைக் காட்டப் போனேன். பேசிக்கொண்டே பழைய வீலைக் கழற்ற ஸ்பேனரை வைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, மொதல்ல பேட்டரிய உருவுங்க. அப்புறம் பேசலாம்” என்றார். வலது கையைக் காட்டினார். ஆள்காட்டி விரல் முதல் கணுவோடு முடிந்திருந்தது. கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடைப் போட்டு, அது உள்ளே போக இடைஞ்சலாக இருந்த கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டிய நாளில் போனதாம். நம் ஊர் வேலைத்தளங்களில் இன்றும் அன்றாடம் பார்க்கும் காட்சி அது. பல் மரத்தில் சிக்கினால் மிஷின் ஆளை நோக்கி எகிறும், கை பிடித்து நிறுத்த முடியாது. மரத்துக்கு வட்ட ரம்பம் தனியாக இருக்கிறது. கிரைண்டரில் பல் பிளேடைப் போடாதீர்கள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

இரும்பு வெட்டும் வீலில் இரண்டைப் பார்க்கச் சொல்லி அவர் கற்றுக்கொடுத்தார். வேகம்: நாலு அங்குல வீலில் 15,300 என்று அச்சிட்டிருக்கும். மிஷினில் எழுதிய வேகம் அதற்குள் இருக்க வேண்டும். காலாவதி: நடுவில் உள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். இந்த வீல் பிசினால் ஒட்டியது, ஈரத்தில் வலு இழக்கும். எங்கள் கடற்காற்றில் திறந்து கிடந்த வீல்களை நான் தேதி பார்க்காமலே கழித்துவிடுகிறேன். ஒரு மி.மீ. வெட்டு வீலைப் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்கக் கூடாது, உடைந்து பறக்கும். இன்னொன்று பேட்டரி கிரைண்டருக்கே உரியது. பேட்டரியைச் செருகும் முன் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல மிஷின்கள் சுவிட்ச் ஆனில் இருந்தால் புறப்படாது, எல்லா மிஷினும் அப்படியில்லை.

உடைக்கு வந்தால், கண்ணாடி பவருக்குப் போடுவது போதாது, பக்கவாட்டு மறைப்பு உள்ளது வேண்டும். கான்கிரீட், டைல்ஸ் தூளுக்குக் கைக்குட்டை கட்டினால் பயனில்லை, அந்த சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும். என்95 மாஸ்க் போடுங்கள். டிரில்லில் கையுறை கூடாது. சுழலும் சக் நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்துச் சுற்றும். தோளில் துண்டு, துப்பட்டா, மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு எல்லாமே அதே கணக்குத்தான்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. மாதம் ஒருமுறை பேட்டரியைக் கழற்றிவிட்டு, காற்றுத் துளைகளில் அடைந்த தூளைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுகிறேன். மிஷினின் பித்தளை முனைகளை உலர்ந்த துணியால் துடைக்கிறேன். மூன்றே மாதத்தில் அங்கே பச்சைக் களிம்பு பூக்க ஆரம்பித்திருந்தது, கடலோரத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். சக் தாடைகளைக் கீழ்நோக்கித் திறந்து தட்டினால் சிமென்ட் தூள் கொட்டும். என் டிரில் கார்பன் பிரஷ் உள்ள மோட்டார். தேய்ந்தால் மாற்றலாம், செலவும் கொஞ்சம்தான். கிரைண்டர் பிரஷ்லெஸ், அதில் அந்த வேலையே இல்லை.

இந்த மிஷினைப் பற்றி எனக்கிருக்கும் ஒரே உண்மையான குறை, பேட்டரி கழலும் பொத்தான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும், வியர்த்த கையில் வழுக்குகிறது. பிட் மாற்றும்போதெல்லாம் கழற்ற வேண்டிய ஒன்றை இவ்வளவு இறுக்கமாகவா வைப்பது? நாள் முழுக்க வேலை செய்கிறவர் பத்தாவது தடவையில் விட்டுவிடத்தான் செய்வார். வாங்கும்போது கடையிலேயே ஐந்து முறை கழற்றி மாட்டிப் பாருங்கள். டிரிக்கருக்கு மேலே இருக்கும் முன்-பின் பொத்தானை நடுவில் நிறுத்தினால் டிரிக்கர் பூட்டிக்கொள்ளும் என்பதையும் அங்கேயே தொட்டுப் பாருங்கள். அது எனக்குத் தெரிந்தது பை கிழிந்த பிறகுதான்.

இப்போது பையில் டிரில் ஒரு பக்கம், பேட்டரி இரண்டும் மூடி போட்டு வேறு அறையில். ஸ்க்ரூவும் ஆணியும் கிடக்கும் பையில் மூடியில்லாத பேட்டரி கிடந்தால் முனைகள் ஷார்ட் ஆகிவிடும். பேட்டரிகளில் மார்க்கரால் 1, 2 என்று எழுதி மாற்றி மாற்றி ஓட்டுகிறேன். லிண்டலில் கொதித்தது ஒன்றாம் எண். அது இப்போது இரண்டாம் எண்ணைவிடச் சீக்கிரம் இறங்குகிறது. பொங்கலுக்கு ரோட்டரி ஹேமர் வாங்கப் போகிறேன், பேட்டரி இல்லாத ‘சோலோ’ பெட்டியாக, கூடவே 4 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று.