பழசாக ஆக ருசிக்கும் அரிஷ்டம்

பிரான்சின் பர்கண்டியில் ரொமானே-கோந்தி என்றொரு திராட்சைத் தோட்டம். பரப்பு 2 ஹெக்டேர்கூட இல்லை. அங்கே 1945-ல் விளைந்த சிவப்பு ஒயினில் ஒரு புட்டி 2018-ல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது. 1945-ல் கிடைத்ததே சுமார் 600 புட்டிதான். அறுவடைக்குப் பிறகு கிழட்டுக் கொடிகளை வேரோடு பிடுங்கிவிட்டார்கள். விலையை விடுங்கள். புளித்த பழச்சாறு 73 ஆண்டு கெடாமல் நின்று, நின்றதோடு மெருகும் ஏறியிருக்கும் என்று ஒருவர் நம்பிப் பணத்தைக் கொட்டினார் பாருங்கள், அதுதான் விஷயம்.

அந்த நம்பிக்கை நமக்கும் உண்டு. புளிக்கவைத்துச் செய்யும் மருந்துகளான ஆசவமும் அரிஷ்டமும் பழசாக ஆகத்தான் குணம் கூடும் என்பது ஆயுர்வேதத்தின் பழைய கட்சி.

வாளையார் தாண்டிப் பாலக்காடு போகிற வழியில், கணவாய்க் காற்று அடிக்கும் கஞ்சிக்கோட்டில் கோட்டக்கல் ஆரிய வைத்திய சாலையின் ஆலை ஒன்று இருக்கிறது. அதே தொழிற்பேட்டையில் பீர் ஆலையும் உண்டு. யாருடைய நொதிப்பு உசத்தி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1902-ல் கோட்டக்கல்லில் இந்த வைத்திய சாலையைத் தொடங்கிய பி.எஸ். வாரியர், கேரளத்துப் பரம்பரை வைத்தியர்களான அஷ்டவைத்தியர் வீட்டில் குருகுலமாகப் படித்தவர். ஆங்கில வைத்தியமும் கற்றவர். நோயாளி தன் வீட்டடுப்பில் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருந்த காலத்தில், மருந்தை ஆயத்தமாகப் புட்டியில் அடைத்துக் கொடுத்தார். கதகளிக்கென்று தனிக் குழுவே வைத்திருந்த மனிதர். ரசிகர்.

திராட்சாரிஷ்டத்தின் செய்முறையைப் பாருங்கள். உலர்திராட்சையை நீரில் இட்டு நாலில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்ச வேண்டும். ஆறியதும் திராட்சையைப் போல நாலு பங்கு வெல்லம். பிறகு லவங்கப்பட்டை, ஏலம், மிளகு, திப்பிலி, வாய்விடங்கம், நாககேசரம் எல்லாம் பொடியாக, ஏறக்குறைய வாசனைக்கு மட்டும். பல அரிஷ்டங்களில் தாதிரிப்பூவும் சேரும். அந்தச் சிவப்புப் பூவின் தேனில் ஒட்டியிருக்கும் காட்டு ஈஸ்ட்தான் நொதிப்பைத் தொடங்கிவைக்கிறது. பூவின் துவர்ப்பு சாற்றுக்கு முதுகெலும்பாகிறது. பழைய நாளில் நெய் தடவிய பானையில் ஊற்றி, வாயைச் சீலைமண் இட்டு மூடி, நெல்குவியலுக்குள் புதைப்பார்கள். வெயிலும் குளிரும் தாக்காமல் ஒரு மாதம். சாராயம் ஒரு சொட்டும் வெளியிலிருந்து சேர்ப்பதில்லை. உள்ளே தானாக விளைவதுதான், அதுவும் 12 சதவீதத்துக்குள்.

புது அரிஷ்டம் வாயில் சண்டை போடும். வெல்லம் தனி, திப்பிலிக் காரம் தனி, புளிப்பு தனி. சில வருஷம் இருட்டில் கிடந்த புட்டியைத் திறந்தால் முதலில் மூக்குக்குத்தான் விருந்து: பட்டையும் அத்திப்பழமும் கலந்ததுபோல ஒரு வாசனை. நாக்கில் இனிப்பு பின்வாங்கியிருக்கும். துவர்ப்பு வழவழப்பாகித் தொண்டையில் மெதுவாக இறங்கும். அடியில் வண்டல் தங்கியிருந்தால் கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள். துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று பிணைந்து கனத்துக் கீழே இறங்குவதுதான் அது. பழைய போர்தோ ஒயினிலும் அப்படியே; அங்கே அதை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்துப் பக்குவமாக இறுத்து ஊற்றுவார்கள், நாம் சாக்கடையில் ஊற்றுகிறோம்.

இனிப்பு மிகுதியால் இது பர்கண்டியைவிடப் போர்ச்சுக்கலின் போர்ட் ஒயினுக்கே நெருங்கிய உறவு. ஒரு குறையும் சொல்ல வேண்டும். ரொமானே-கோந்தியில் ஆண்டுக்கு ஆண்டு ருசி மாறும். மழையும் வெயிலும் புட்டிக்குள் இருக்கும். அரிஷ்டக்காரர்களோ எல்லாப் புட்டியும் ஒன்றுபோல் இருக்கப் பாடுபடுகிறார்கள். மருந்துக்கு அது நியாயம், ரசிகனுக்கு நஷ்டம். திராட்சை எந்த ஊர், வெல்லம் எந்தப் பருவத்து என்று தெரிந்து குடிக்க எனக்கு ஆசை.

வைத்திய சாலைகளுக்கு ஒரு விண்ணப்பம்: வருஷத்தில் ஒரே ஒரு தொகுதியையாவது சில ஆண்டுகள் பழக வைத்து, திராட்சை விளைந்த ஊரையும் ஆண்டையும் சீட்டில் அச்சடித்து விற்பனைக்கு விடுங்கள். வாசகர்களுக்கு: சர்க்கரை நோய் இருந்தால் வேண்டாம். மற்றவர்கள் வைத்தியரைக் கேட்டு, அவர் சொன்ன அளவு மட்டும், சாப்பாட்டுக்குப் பின், ஒரே மடக்காக விழுங்காமல் குடித்துப் பாருங்கள்.