குவளையில் தெரியும் முகம்

ஓவியக் கலையிலும் மேல், கீழ் என்னும் படிகள் உண்டு. 1667ஆம் ஆண்டில் ஃபெலிபியன் என்ற பிரெஞ்சு அறிஞர் அவற்றை வரிசைப்படுத்தினார். மறைநூல் காட்சிகளும் வரலாற்று நிகழ்ச்சிகளும் உச்சியில் நின்றன. பழம், மலர் போன்ற அசையாப் பொருள்களைத் தீட்டுவது அடியில் கிடந்தது. இவ்வரிசை எழுதப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, அந்த அடிப்படியைத் தம் களமாக்கிக் கொண்டவர் பிளெமிஷ் ஓவியர் கிளாரா பீட்டர்ஸ்.

ஆண்ட்வெர்ப் நகரோடு தொடர்புடைய இவ்வம்மையாரின் ஓவியங்களாக இன்று அறியப்படுபவை ஏறத்தாழ 40. ஆண்டு குறிக்கப்பட்டவற்றுள் மிக முந்தியது 1607ஆம் ஆண்டினது. ஆடையற்ற மனித உடலைப் பார்த்து வரையும் பயிற்சி அந்நாளில் பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. அப்பயிற்சியின்றிப் பெருங்காட்சிகளைத் தீட்டுதல் அரிது. பெண்ணுக்கு எஞ்சியது உணவு மேசை. எஞ்சியதையே அவர் செல்வமாக்கினார்.

மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் 1611இல் தீட்டப்பட்ட அவரது மீன் ஓவியம் உள்ளது. மீனையே முதற்பொருளாகக் கொண்ட மேலை ஓவியங்களுள் மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று. மீன்களின் ஈரம், நண்டின் ஓடு, இறாலின் மெல்லுடல், அருகே ஒரு மெழுகுவர்த்தித் தண்டு. புலால் விலக்கிய நோன்பு நாள்களில் கத்தோலிக்க இல்லங்கள் மீன் உண்ட காலம் அது. கடலூர் முதுநகர்த் துறைமுகத்தை அறிந்த நமக்கு இப்படம் அந்நியமாகத் தோன்றுவதில்லை. அங்கே மீனை இனம் பிரித்துக் கூடையில் அடுக்கும் பெண்களின் கண்ணும் இத்தகைய கண்ணே: எது புதியது, எது வாடியது என்பதை ஒளியைக் கொண்டே அறியும் கண்.

இத்தகைய ஓவியங்களை வாழ்வின் நிலையாமை பற்றிய போதனையாக மட்டும் காண்பது வழக்கம். அதில் உண்மை உண்டு. மலர் வாடும், மீன் அழுகும். ஆனால் அவ்விளக்கம் போதாது என்பது நம் கருத்து. கார்ல்ஸ்ரூஹே நகரிலுள்ள 1612ஆம் ஆண்டு ஓவியத்தில் பொன் முலாம் பூசிய குவளை ஒன்று நிற்கிறது. அதன் புடைப்புகளை உற்று நோக்கினால், அவற்றுள் பலவற்றில் ஒரு சிறு பெண்ணுருவம் தெரியும். வண்ணத்தட்டும் தூரிகைகளும் ஏந்திய ஓவியரே அவர். தி ஹேக் நகரில் உள்ள பாலாடைக்கட்டி ஓவியத்திலோ, வெள்ளிக் கத்தியின் பிடியில் அவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. குடுவையின் மூடியிலும் அவர் முகம் தெரிகிறது. இது தற்பெருமை அன்று. தற்பெருமை இத்துணைச் சிறிதாகத் தன்னைத் தீட்டாது. இம்மேசையை ஒருத்தி பார்த்தாள், அவள் கையே இதைப் படைத்தது என்னும் சாட்சியம் அது.

குறையும் சொல்ல வேண்டும். இவை பெரும்பாலும் செல்வர் வீட்டு மேசைகள். பொற்குவளையில் ஓவியரின் முகம் தெரிகிறது. மீனைக் கழுவிய பணிப்பெண்ணின் முகம் எங்கும் தெரியவில்லை. ஆயினும், உழைத்தவளின் முகத்தைப் பொருளுக்குள் தேடும் பழக்கத்தை நமக்குக் கற்பித்தவரும் இவரே.

பிராடோ 1819இல் தோன்றியது. ஒரு பெண் ஓவியருக்கென்று அது தனிக் கண்காட்சி அமைத்தது 2016இல்தான். அப்பெருமை பெற்றவர் கிளாரா பீட்டர்ஸ். ஏறக்குறைய இருநூறு ஆண்டுத் தாமதம்! அயலாரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. மார்கழி விடியலில் சிதம்பரத்துத் தெருக்களில் வாசல்தோறும் பெண்கள் இழைக்கும் கோலங்களில் எத்துணைக் கணக்கு, எத்துணைக் கைத்திறன்! நண்பகலுக்குள் அவை காலடியில் கலைந்துபோகின்றன. யாரும் பெயர் இடுவதில்லை, நாமும் கேட்பதில்லை. பளபளக்கும் குவளை ஒன்று அவர்களுக்கு வாய்க்கவில்லை. அந்த முகங்களைக் காட்டும் குவளையாக நம் பார்வையாவது ஆகட்டும்.