ஒரே ஒரு தாழ்ந்த ஸ்வரம்

கதையை மட்டும் எடுத்துச் சொன்னால் ‘டோஸ்கா’வைப் போல மலிவான கதை வேறு கிடையாது என்றுதான் தோன்றும். ரோமாபுரி, 1800-ம் வருஷம் ஜூன் மாதம். தப்பி வந்த அரசியல் கைதி ஒருவனைச் சித்திரக்காரன் ஒருவன் ஒளித்து வைக்கிறான். சித்திரக்காரனின் காதலி டோஸ்கா, பெயர் பெற்ற பாடகி. போலீஸ் தலைவன் ஸ்கார்ப்பியாவுக்கு அவள் மேல் கண். அடுத்த அறையில் காதலனைச் சித்திரவதை செய்து, அவன் அலறலை அவள் காதில் விழ வைத்து ரகசியத்தைக் கறக்கிறான். பிறகு பேரம் பேசுகிறான்: அவள் இணங்கினால், காதலனைச் சுடுவதுபோல் பாவனை செய்து விட்டுவிடுவதாகச் சொல்கிறான். சாப்பாட்டு மேஜை மேலிருந்த கத்தியை எடுத்து அவள் அவனைக் குத்திவிடுகிறாள். விடியற்காலையில் பாவனைத் துப்பாக்கி நிஜமாகவே சுடுகிறது. அவள் கோட்டை மதிலிலிருந்து குதித்துச் சாகிறாள். ஒரு நாள் முடிவதற்குள் நாலு சாவு.

பிரெஞ்சு நாடகாசிரியர் ஸார்தூ, ஸாரா பெர்னார் என்ற பெரிய நடிகைக்காக எழுதி 1887-ல் அரங்கேறிய நாடகம் இது. புச்சீனி அதை ஸங்கீத நாடகமாக்கி 1900 ஜனவரி 14-ந் தேதி ரோமிலேயே அரங்கேற்றினார். ஜோஸப் கெர்மன் என்ற அமெரிக்க விமரிசகர் 1956-ல் வெளியிட்ட புஸ்தகத்தில் இதை மட்டமான திடுக்கிடும் நாடகம் என்று ஒதுக்கித் தள்ளினார். நானும் வெகுநாள் அதே கட்சியாகத்தான் இருந்தேன்.

கட்சி மாறக் காரணம் ஒரு பழைய இசைத் தட்டு. 1953 ஆகஸ்டில், மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கில் பதிவானது. விக்டர் டி ஸபாட்டா வாத்திய கோஷ்டியை நடத்துகிறார்; டோஸ்கா, மரியா காலஸ்; காதலன், ஜியூஸெப்பே டி ஸ்டெஃபானோ; ஸ்கார்ப்பியா, டிட்டோ கோப்பி. அப்போது காலஸுக்கு முப்பது வயசு நிறையவில்லை. எனக்கு இத்தாலிய பாஷை தெரியாது. மொழிபெயர்ப்பை மடியில் வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

இரண்டாம் அங்கத்தில் ஓர் இடம். குத்துப்பட்டவன் மூச்சுத் திணறுகிறான். செத்துத் தொலை என்று அவள் கத்துகிறாள். வாத்தியங்களும் கூடவே கத்துகின்றன. அவன் உயிர் அடங்குகிறது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவள் ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறாள்: இவனுக்கு முன்னாலா ரோமாபுரி முழுவதும் நடுங்கிற்று என்பதுதான் அதன் சாரம். புச்சீனி அதற்கு ராகம் போடவில்லை. வாக்கியம் முழுவதையும் தாழ்ந்த ஒரே ஸ்வரத்தில் நிறுத்திவிட்டார். காலஸ் அதைப் பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே சொல்கிறார். அதில் வெற்றி இல்லை, பயம் இல்லை, அழுகையும் இல்லை. இவ்வளவுதானா இந்த மனுஷன் என்ற அசதி கலந்த ஆச்சரியம் மட்டும் இருக்கிறது. இந்த ஒரு வரிக்காக அரை மணி நேரம் திரும்பத் திரும்பப் பாட வைத்தார்கள் என்று சொல்வதுண்டு. நம்பலாம் என்றே தோன்றுகிறது.

மேடையில் இந்தக் கட்டத்தில் பார்க்க நிறைய இருக்கிறது. பிணத்தின் இருபுறமும் அவள் மெழுகுவத்திகளை வைப்பாள். மார்பின் மேல் சிலுவையைச் சாத்துவாள். இசைத் தட்டில் அதெல்லாம் இல்லை. கண்ணுக்கு வேலை இல்லாததால் அந்தக் குரலை விட்டால் நமக்கு வேறு கதி இல்லை. இந்தப் பழைய பதிவு செய்யும் பெரிய உபகாரம் அதுதான்.

கோப்பியையும் சொல்ல வேண்டும். அவருடைய ஸ்கார்ப்பியா எப்போதும் உறுமுகிற ராக்ஷஸன் அல்ல. விருந்துக்கு வந்த பெண்ணிடம் பேசுகிற மரியாதையோடு, பல இடங்களில் குரலைத் தாழ்த்தியே பேரம் பேசுகிறான். தன் அதிகாரம் கேட்கப்படும் என்ற சந்தேகமே அவனுக்கு இல்லை. அந்த மரியாதைதான் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. அவன் அப்படிப் பேசியதால்தான் அவள் கடைசியில் சொல்லும் வரிக்கு அவ்வளவு கனம்.

என் நாவல் ஒன்றில் புருஷன் இறந்த செய்தி மனைவிக்கு வருகிறது. மூன்று பக்கம் அவளை அழ வைத்திருக்கிறேன். அந்த இடத்தைப் பாராட்டிக் கடிதங்கள் வந்தன. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இந்தத் தட்டைக் கேட்ட அன்று ராத்திரி அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். அவள் அழவில்லை, நான் அழுதிருக்கிறேன் என்று புரிந்தது. கதை மலிவா உயர்வா என்பதைச் சம்பவம் தீர்மானிப்பதில்லை. சம்பவத்துக்கு அடுத்த நிமிஷம் பாத்திரம் என்ன செய்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

அதற்காக எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள முடியாது. டோஸ்கா மதிலிலிருந்து குதிக்கும்போது வாத்தியங்கள் பெருங்குரலில் முழங்கும் மெட்டு, மரணத்துக்குக் காத்திருந்த காதலன் தனியே பாடிய பாட்டின் மெட்டு. அதை அவள் கேட்டதே இல்லை. அவளுடைய சாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கெர்மன் கேட்ட கேள்வி இது, பதில் இல்லை. டி ஸபாட்டாவின் கையாலும் அந்த முடிவைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரு ஸ்வரத்தை நம்பிய புச்சீனி, கடைசியில் சத்தத்தை நம்பிவிட்டார்.

நான் தட்டை அதுவரை ஓட விடுவதில்லை. இரண்டாம் அங்கம் முடிந்ததும் முள்ளை எடுத்துவிடுகிறேன்.