சட்டத்தைப் பார்த்தால் வண்டி தெரியும்
பழைய பிரிட்டிஷ் மோட்டோகிராஸ் பைக்குகளில் தூரத்திலேயே அடையாளம் தெரிவது கிரீவ்ஸ். எசெக்ஸ் மாவட்டத்துத் தண்டர்ஸ்லியில் தயாரான வண்டி. எஞ்சினுக்கு முன்னால் இறங்குவது வழக்கமான இரும்புக் குழாய் அல்ல. வார்த்தெடுத்த கனத்த அலுமினிய உத்தரம். முன்சக்கரத்தைச் சிறு கைகள் பிடித்திருக்க, அவற்றின் மூட்டில் ரப்பர் புஷ்கள் முறுகி ஸ்பிரிங் வேலையைச் செய்கின்றன. பார்வைக்கு முரட்டு வேலைதான். ஆனால் 1960, 1961 ஆண்டுகளில் டேவ் பிக்கர்ஸ் 250 சிசி ஐரோப்பியப் பட்டத்தை வென்றது கிரீவ்ஸில்தான்.

ரிக்மன் சகோதரர்களின் மெட்டிஸ் பைக் தோற்றத்தில் கிரீவ்ஸுக்கு நேர் எதிர். நிக்கல் பூசிய சட்டம் பளபளக்கும். பற்றவைப்பு அத்தனை சுத்தம். அதில் ட்ரையம்ப் எஞ்சினும் இருக்கலாம், மேட்ச்லெஸ்ஸும் இருக்கலாம். ஆகவே எஞ்சினை வைத்து மெட்டிஸை முடிவுசெய்யக் கூடாது, சட்டமே சாட்சி.

இதே பிரிட்டிஷ் வரிசையில் இன்னொரு பெயர் பிஎஸ்ஏ. ஜெஃப் ஸ்மித் 1964, 1965இல் 500 சிசி உலகப் பட்டம் வென்றது பிஎஸ்ஏயின் எடை குறைந்த ஒற்றை சிலிண்டர் வண்டியில்.