மாயமும் நம்பிக்கையும்: ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நாவலின் வாசக ஏற்பு

முன்னுரை

இராமேசுவரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட எஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, 2020ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் விருதைப் பெற்ற நாவலாகும். ஷாலினி என்னும் சிறுமியுடன் ஒரு மரப்பாச்சிப் பொம்மை பேசத் தொடங்குகிறது. சிறார் மீதான பாலியல் தொல்லையை எதிர்கொள்ள அப்பேச்சு துணைநிற்கிறது. இந்நாவல் பற்றிய வாசகர் கருத்துகளில் ‘விழிப்புணர்வு நூல்’ என்னும் பாராட்டே ஓங்கியிருக்கிறது. பொம்மை பேசும் மாயக்கூறோ கசப்பு மருந்தின் மேல் தடவிய தேனாகவே கருதப்படுகிறது. இம்மதிப்பீடு நாவலின் மையத்தைத் தவறவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பேசும் பதுமைகளின் மரபு

மக்கள் அல்லாதவை பேசிப் பழகுவது தமிழ்க் கதைமரபிற்குப் புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியலுக்கு உரை வகுத்த பேராசிரியர், யானையும் குருவியும் நட்புக்கொண்டு உலவிய கதையைச் சான்றாகக் காட்டுகிறார். விக்கிரமாதித்தன் கதையில், அரியணையிலுள்ள 32 பதுமைகள் அதில் அமரவரும் போசராசனைத் தடுத்து அவனது தகுதியை வினவுகின்றன. அங்குப் பதுமை பேசுவது வெறும் வேடிக்கை அன்று. ஆள்பவரைக் கேள்வி கேட்கும் உரிமை வாயற்ற பொருளுக்கு வழங்கப்படுகிறது.

பாலபாரதியின் மரப்பாச்சியை இம்மரபின் தொடர்ச்சியாகக் காணலாம். ஆயின் பதுமைகள் அரசனிடம் பேசின. மரப்பாச்சி சிறுமியிடம் பேசுகிறது. திருமணச் சீராகவும் நவராத்திரிக் கொலுவிலும் இடம்பெற்று, தலைமுறைதோறும் பெண்களிடையே கைமாறிவரும் பொம்மை அது. வீட்டில் நிகழ்ந்தவற்றையெல்லாம் கண்டும் பேசாதிருந்த பொருள் இப்போது வாய்திறக்கிறது. அவ்வாறு திறக்கும்போது, முந்தைய தலைமுறைப் பெண்கள் சொல்லாமல் விட்டவையும் வாசகர் நினைவில் எழுகின்றன.

நம்பப்படாத இரு குரல்கள்

தொல்லைக்கு உள்ளான குழந்தை அதைச் சொல்ல முற்படும்போது, ‘கதை விடாதே’ என்று அடக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பொம்மை பேசியது என்று ஒரு சிறுமி கூறினாலும் அதே விடைதான் கிடைக்கும். குழந்தையின் சாட்சியமும் மாயமும் பெரியவர்களிடம் ஒரே விதமாகத் தள்ளப்படுகின்றன. இந்நாவலோ பொம்மையின் பேச்சை ஐயமின்றி ஏற்குமாறு வாசகரை அழைக்கிறது. அழைப்பை ஏற்பவர், குழந்தை சொல்வதை முதலில் நம்பவேண்டும் என்னும் பயிற்சியையும் பெறுகிறார். மாயத்தை ஒதுக்கிச் செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ளும் வாசிப்பு, குழந்தையை நம்ப மறுக்கும் பெரியவரின் நிலைக்கே திரும்புகிறது.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, இத்தகைய குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பதைக் கடமையாக்குகிறது. எனினும் குழந்தையின் சொல்லை நம்பாதவரிடம் அக்கடமை தொடங்குவதே இல்லை. சட்டத்திற்கு முற்பட்ட அந்த இடத்தில்தான் நாவல் செயல்படுகிறது.

மாயத்துணை வாய்க்காத குழந்தை என்ன செய்யும் என்னும் ஐயம் எழலாம். அது புறந்தள்ளத்தக்க ஐயம் அன்று. குழந்தைக்குக் காதுகொடுக்கும் முதற்குரல் ஒரு பொம்மையுடையதாக இருப்பது, அவ்விடத்தில் இருந்திருக்க வேண்டிய மனிதர் இல்லை என்பதைச் சுட்டுகிறது. எனவே அவ்வினா குழந்தையை நோக்கியது அன்று. வாசிக்கும் பெரியவரை நோக்கியது.

ஆமையும் மரப்பாச்சியும்

மாயம் எல்லா நாவல்களிலும் இப்பணியைச் செய்வதில்லை. இதே ஆசிரியரின் ‘ஆமை காட்டிய அற்புத உலகம்’ சிறுவர்களைக் கடலடிக்கு அழைத்துச் செல்கிறது. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளுடன் விரியும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. அக்கரையில் வளரும் வாசகருக்கு ஆமை கற்பனைப் பொருளன்று. வலையில் சிக்குவதும் சட்டத்தால் காக்கப்படுவதுமான உயிர். அந்நாவலில் ஆமை வழிகாட்டியாக அமைகிறது. அதன் பேச்சை நீக்கினாலும் கடலுயிர் பற்றிய அறிவு எஞ்சும். மரப்பாச்சியின் பேச்சை நீக்கினாலோ நாவலே எஞ்சாது. ‘கருத்துள்ள கதை’ என்னும் ஒரே அளவுகோல் இவ்வேறுபாட்டைக் காட்டாது.

முடிவுரை

இளையோர் புனைவை அதன் பயனால் மட்டும் மதிப்பிடும் போக்கு, அதனைத் துண்டறிக்கையின் நிலைக்குக் குறைத்துவிடும். இந்நாவல் என்ன கற்பிக்கிறது என்பதோடு, எதனை நம்பச் செய்கிறது என்பதும் வகுப்பறையிலும் ஆய்விலும் வினவப்பட வேண்டும். அவ்வினாவின்றி மரப்பாச்சியின் குரல் கேட்கப்படாமலே போகும்.