நில அதிர்வுக் கோட்டை ரசிப்பது எப்படி?

நிலநடுக்கம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "ரிக்டரில் எவ்வளவு?" அந்த எண்ணை விட்டுவிட்டு, சீஸ்மோகிராம் என்னும் பதிவுக் கோட்டைப் பாருங்கள். உலகின் பல நிலையங்களின் பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

முதலில் நடுக்கமே இல்லாத ஒரு நாளின் கோட்டைப் பார்த்துப் பழகுங்கள். அது நேர்கோடாக இருக்காது. கடலலைகளால் நிலம் ஓயாமல் மெல்ல அதிர்கிறது. கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே இருக்கும் கருவியும் அதைப் பதிந்துகொள்கிறது. போக்குவரத்தும் தொழிற்சாலைகளும் பகலில் கோட்டைத் தடிக்கச் செய்யும். 2020 ஊரடங்கில் அந்த இரைச்சல் உலகெங்கும் குறைந்தது.

இனி நடுக்கம் பதிவான கோடு. முதலில் வருவது பி அலை. பாறையை அமுக்கியும் தளர்த்தியும் நொடிக்குச் சுமார் 6 கி.மீ. ஓடும். பின்னால் வரும் எஸ் அலை குறுக்குவாட்டில் உலுக்கும். அதன் வேகம் பி அலையின் வேகத்தில் பாதிக்குச் சற்று மேல். கோட்டின் அழகெல்லாம் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் இருக்கிறது என்பேன். மின்னலைப் பார்த்து இடி வரும்வரை எண்ணுவோமே, அதே கணக்கு. சில நூறு கி.மீ.க்குள் நடந்த நடுக்கமானால், இடைவெளி நொடிகளை 8-ஆல் பெருக்குங்கள்; தொலைவு ஏறக்குறைய கிடைத்துவிடும். 20 நொடி என்றால் 160 கி.மீ. மூன்று நிலையங்களின் தொலைவை வைத்து வரைபடத்தில் கவராயத்தால் வட்டம் போடுங்கள். மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் பாறை உடைந்திருக்கும். இதை ஒருமுறை தன் கையால் செய்து பார்த்தவர் பிறகு எண்ணோடு நிறைவடையமாட்டார்.

இப்படிக் கோடுகளைப் படித்தே பூமியின் உள்ளே பார்த்தார்கள். 1897 அசாம் நடுக்கத்தை ஆராய்ந்த இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஆர்.டி. ஓல்டாம், 1906-இல் அலைகள் தாமதமாவதைக் கொண்டு பூமிக்குக் கரு உண்டு என்றார். அலை வரக்கூடாத பகுதியில் மெல்லிய பி அலைகளைக் கண்ட டென்மார்க்கின் இங்கே லேமன், 1936-இல் அந்தக் கருவுக்குள் இன்னொரு கரு இருப்பதாகச் சொன்னார். ஒரு துளைகூடப் போடாமல்!

2004 டிசம்பர் 26 சுமத்ரா நடுக்கத்தின் பதிவை அவசியம் தேடிப் பாருங்கள். அளவு 9.1. பிளவு 1,200 கி.மீ.க்கும் மேல் நீண்டது. மேற்பரப்பு அலைகள் பூமியைச் சுற்றிவிட்டு, அதே நிலையத்துக்கு மறுபடி வந்து பதிவாகியிருக்கும். பி அலை சில நிமிடங்களில் தமிழகத்தைத் தொட்டது. ஆழிப்பேரலை சென்னைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் கரையில் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த நேரத்தைப் பயன்படுத்தத்தான் 2007 முதல் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது.